சிவப்புப் பூட்டு

பின்பக்க கேட் வழியாக மேஸ்திரி நுழைந்தபோது அவர் கையில் பூட்டு வெட்டும் கட்டர் இருந்தது. சாப்பாட்டு நேரம். ஆலைக்குள் ஈ காக்காய் இல்லை.

அரைவை இயந்திரத்தின் மெயின் சுவிட்சில் இன்ஜினியரம்மாவின் சிவப்புப் பூட்டு, அவள் போட்டோவோடு தொங்கியது. ரிப்பேருக்காக இயந்திரத்துக்குள் இறங்குகிறவர் தன் பூட்டை அங்கே மாட்டிவிட்டு, சாவியோடுதான் இறங்க வேண்டும். அது தொங்கும்வரை சுவிட்சை யாரும் தொடக்கூடாது. உள்ளே ஸ்பானர் சத்தம் கேட்டது.

“வசமா மாட்டினடி” என்று பல்லைக் கடித்தார்.

டீச்சராகப் போக வேண்டிய ஒரே மகளை, மெஷின் வேலைதான் வேண்டும் என்று பேச வைத்தவள் இவள். போன வாரம் அதைக் கேட்கத்தான் போனார்.

“என் பொண்ணு மனசை ஏன் கெடுக்கறே?”

“நான் ஒண்ணும் கெடுக்கலைங்க. முடிவு அவளோடது.”

விட்டார் ஓர் அறை. உதடு கிழிந்து ரத்தம் வழிந்தும் அவள் நகரவில்லை.

“இன்னொண்ணு விட்டாலும் அவ முடிவு மாறாது, மேஸ்திரி.”

மானேஜர் அவரை சஸ்பெண்ட் செய்து, அத்தனை பேர் முன்னாலும் வெளியே அனுப்பினார். மானம் கப்பலேறியது. அந்தக் கோபத்துக்கு வீட்டில் மகளின் முதுகு கிடைத்தது. பெல்ட் பிய்கிறவரை விளாசினார்.

அடி வேலை செய்துவிட்டது என்றுதான் நினைத்தார். இன்று காலை மகள் மறுபேச்சில்லாமல், வழக்கமான பின்னலை விட்டு இறுக்கமாகக் கொண்டை போட்டுக்கொண்டு, “ஸ்கூல் இன்டர்வியூவுக்குப் போறேம்பா” என்று கிளம்பினாள். இனி அவளைக் கெடுத்தவளைத் தீர்த்துக்கட்டுவதுதான் பாக்கி.

கட்டரை வைத்து ஒரே அழுத்து. பூட்டு தெறித்து விழுந்தது. சுவிட்சைத் தூக்கினார்.

இயந்திரம் உறுமியது. ஓர் அலறல். அப்புறம் எலும்பு நொறுங்கும் சத்தம். வயிறு குளிர்ந்து போய்த் திரும்பினார்.

எதிரே, கையில் புது பேரிங்கோடு தலைதெறிக்க ஓடி வந்தாள் இன்ஜினியரம்மா.

அவரைத் தள்ளிவிட்டு சுவிட்சை இறக்கினாள். உள்ளே எட்டிப் பார்த்தவள் அப்படியே தரையில் சரிந்தாள்.

“அப்ப... உள்ளே யாரு?” மேஸ்திரி அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“இன்னிக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தா. அவளுக்குன்னு பூட்டு இன்னும் தரலை, ஆனா ‘நானே இறங்கறேன்’னு கெஞ்சினா. புத்தி கெட்டுப்போய் என் பூட்டைக் குடுத்துட்டேனே!”

“யாருன்னு கேக்கறேன்!”

“உங்க பொண்ணு, மேஸ்திரி!”