யூகலிப்டஸ் ஆவி

“தலையை வெளியே எடுக்காதீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம்!” என்று அதட்டினாள் விமலா.

போர்வைக்குள்ளிருந்து பதிலுக்கு இருமல்தான் வந்தது. காலையில் எழுந்ததிலிருந்து குரல் சுத்தமாக அடைத்துப்போயிருந்தது. தரையில் பானையை வைத்து உட்காரச் சொன்னாள். முடியாது என்று சைகை வந்ததால் பானை சாப்பாட்டு மேசைக்கு ஏறியது. பானைக்குள் பின்பக்கத்து மரத்தின் யூகலிப்டஸ் இலை. சிட்னி ஓரத்துப் பரமட்டாவில் சும்மா கிடைக்கிற மருந்து அது ஒன்றுதான்.

அலமாரி மேல் ரேடியோ முழங்கிக்கொண்டிருந்தது. எழுபத்தாறாம் வருஷம் சிட்னியில் அந்த அமெரிக்க மூக்குக் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. ஹேங்க் டாலிவர், சொந்த நாட்டில் எட்டு வருஷம் ஃபுட்பால் ஆடி, முட்டி இரண்டும் போனபிறகு மைக்கைப் பிடித்தவர். இங்கே வந்து ரக்பிக்கு வர்ணனை சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டார். அமெரிக்க ஆட்டத்தில் பந்தை முன்னால் எறியலாம், ரக்பியில் கூடாது. போன சனிக்கிழமை “எறிடா முன்னாலே!” என்று மைக்கில் கத்தியதற்கு நூறு கடிதம் வந்ததாம்.

ரேடியோ நிலையத் தலைவர் மக்காலி ஒரே போடாகப் போட்டுவிட்டார். இன்றைய ஆட்டத்தைப் பிசகில்லாமல் சொன்னால் இரண்டு வருஷ ஒப்பந்தம். சொல்லாவிட்டால், ஒரு நாள் வராமல் போனாலும் சரி, ஊருக்கு விமான டிக்கெட்.

ஹேங்க் போனால் விமலாவின் கணவன் நரசிம்மனும் போக வேண்டியதுதான். மைதானத்துப் பலகைக் கூண்டில் ஹேங்க் பக்கத்தில் உட்கார்ந்து மைக்கையும் வயரையும் பார்த்துக்கொள்கிற வேலை அவனுக்கு. இந்த ஊரில் ஏழு மாதம் வேலையில்லாமல் அலைந்தவனை, மக்காலியிடம் சண்டை போட்டுச் சேர்த்துவிட்டவரே ஹேங்க்தான்.

“விமலா! கதவு திறந்து கிடக்கு.” எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து யோகா உள்ளே வந்தாள். போர்வையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். “என்ன, அவருக்குத் தடிமனோ?”

“தொண்டை கட்டிடுச்சுக்கா. ஒரு வார்த்தை பேச வரலை.”

“ஐயோ பாவம்! எல்லாற்ற குரலிலையும் பேசிப் பகிடி விடுற மனுசன். பொங்கலுக்கு என்ர புருசன் மாதிரியே பேசி என்னையே ஏமாத்தினவர். இண்டைக்குச் சொந்தக் குரலும் இல்லையோ?”

விமலா சிரித்து வைத்தாள். யோகாவின் காதில் விழுவது சாயங்காலத்துக்குள் சிட்னித் தமிழர் அத்தனை பேர் வீட்டிலும் விழுந்துவிடும். அவளிடம் அளந்துதான் பேச வேண்டும்.

“அப்ப அங்கை ஆர் வயர் பாக்கினம்?”

“எப்படியோ சமாளிக்கிறாங்கக்கா. நீங்க உட்காருங்க.”

யோகா உட்கார்ந்தாள். ரேடியோவில் ஆட்டம் சூடு பிடித்தது. யாரோ பந்தை முன்னால் எறிந்துவிட்டான். நடுவர் விசில் ஊதினார். விமலா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“முன்னால் எறியக் கூடாது நண்பர்களே! எனக்கே இப்போது தெரியும், அவனுக்குத் தெரியவில்லை!” என்றது மூக்குக் குரல். பின்னால் கூட்டம் சிரிக்கிற சத்தம் கேட்டது.

போர்வை குலுங்கியது. இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை.

“ஆளுக்கு இண்டைக்கு விதியெல்லாம் நல்லா மண்டையிலை ஏறியிருக்கு,” என்றாள் யோகா.

உண்மையில் அன்றைக்கு ஒரு பிசகும் இல்லை. ஆட்டக்காரர் பெயர், எண், விதி எல்லாம் டாண் டாண் என்று வந்து விழுந்தன. விமலா கொதிநீரை மாற்றினாள், இலையைக் கிள்ளிப் போட்டாள், வேண்டாத தெய்வமில்லை. கடைசி விசில் கேட்டபோதுதான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

ஸ்டுடியோவிலிருந்து மக்காலியே ரேடியோவில் வந்துவிட்டார். “ஹேங்க், இத்தனை நாள் இந்தத் திறமையை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்? நேயர்களே, இன்னும் இரண்டு வருஷம் இவர் உங்களோடுதான்!”

“நன்றி மக்காலி, எல்லாம் பக்கத்தில் இருந்தவரின் உதவி,” என்றது மூக்குக் குரல்.

விமலாவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். வேலை தங்கியது.

“இனியென்ன பயம்?” யோகா ஓடிப்போய்த் தன் வீட்டிலிருந்து ஒரு கோப்பையோடு வந்தாள். “கொத்தமல்லி அவிச்சனான். நரசிம்மன், இந்தாரும், சூட்டோட குடியும்.”

போர்வை மெல்ல விலகியது. யோகா கோப்பையை நீட்டியபடியே ரேடியோவைத் திரும்பிப் பார்த்தாள்.

காற்றாய் வந்தது குரல், ஆங்கிலத்தில்: “ரெண்டு வருஷமும் என் குரல்ல உங்க வீட்டுக்காரரே பேசட்டும், விமலா!”