ஊர்க்காரிக்குக் குளிராது

"தம்பி, சூட்டுப் பட்டை இன்னும் வச்சிருக்கியா? ரெண்டு குடேன்."

என் நாத்தனார் குய்ரோங் கையை நீட்டினாள். எனக்கு மானமே போனது.

கேட்டது யாரிடம்? என் வீட்டுக்காரரின் சிநேகிதன் செங்கிடம்! தெற்கே குவாங்சோவிலிருந்து வந்த பிள்ளை. பனியையே இன்றைக்குத்தான் பார்க்கிறான். முதுகு, வயிறு என்று சட்டைக்குள்ளே, ஒட்டினால் மணிக்கணக்கில் சூடு தரும் அந்தப் பட்டைகளாக ஒட்டிக்கொண்டும் அவனுக்குப் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. சீனாவின் வடகோடிப் பனியூரில் பிறந்த ஹார்பின்காரி போய் அவனிடம் கையேந்துவதா?

"அண்ணி, நம்ம ஊர்ல பொறந்தவங்க யாராவது இதை ஒட்டுவாங்களா?" காதைக் கடித்தேன்.

"உன்கிட்ட இருந்தா நீயும் ஒண்ணு குடு."

"எனக்கெதுக்கு அதெல்லாம்? ஊர்க்காரிக்குக் குளிராது!"

செங்கின் காதலி மன்யிக்குக் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னேன். சொன்ன கையோடு குச்சி ஐஸ் ஒன்று வாங்கி, மைனஸ் இருபத்தைந்து டிகிரியில் நின்று கடித்துக் காட்டினேன்.

"ஐயோ அக்கா, நீங்க மனுஷிதானா?" மன்யி கை தட்டினாள். ஐஸ் இன்னும் இனித்தது.

மன்யிக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. நாலு மணிக்கு இந்தப் பனி விழாத் திடலின் பனிக்கட்டிக் கோபுரத்தில் விளக்கு எரியும். எரிந்ததும் செங் மண்டி போட்டு மோதிரத்தை நீட்டப் போகிறான். நடக்க முடியாத அவன் அம்மா, குவாங்சோவில் அதை வீடியோவில் பார்க்கக் காத்திருக்கிறாள்.

அதுவரைக்கும் ஒரே கூத்துதான். பனிச் சறுக்கில் என் வீட்டுக்காரர் மல்லாக்க வந்து, ஐஸில் செதுக்கிய மீனின் வாயில் தலையைக் கொடுத்தார். செங் தொப்பியைத் தொலைத்தான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

நாத்தனார் மட்டும் சறுக்க வரவில்லை. போட்டிருந்த கோட்டை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மன்யியிடமும் பட்டை வாங்கிவிட்டாள்.

"அஞ்சு பட்டை ஆச்சு! உங்க அக்காவுக்கு ஆசையே அடங்காதா?"

"உனக்கென்ன? நீதான் ஊர்க்காரியாச்சே!" என்றார் அவர்.

நாலு மணி. கோபுரம் சிவப்பு, பச்சை, நீலம் என்று பற்றிக்கொண்டது. மன்யி வாயைப் பிளந்து மேலே பார்த்தாள். செங் போனை எடுத்தான்.

போன் குளிரில் செத்துக் கிடந்தது. என்னுடையதும் அவருடையதும் மன்யியுடையதும் சறுக்கில் படம் பிடித்தே எப்போதோ அணைந்திருந்தன.

"அம்மா காலையிலேருந்து புதுச் சட்டை போட்டு உக்காந்திருக்காங்க..." செங்கின் குரல் உடைந்தது.

"அதுக்கு ஏண்டா அழறே?"

நாத்தனார் கோட்டுக்குள்ளிருந்து ஒரு கம்பளிக் காலுறையை உருவினாள். அதற்குள்ளே அவள் போன். சுற்றிலும் அஞ்சு சூட்டுப் பட்டை.

"முழு சார்ஜ் இருக்கு. அம்மாவைக் கூப்பிடு!"

செங் மண்டி போட்டான். போட்ட வேகத்தில் வழுக்கி, மன்யியின் காலடி வரை சறுக்கிக்கொண்டே போய் மோதிரத்தை நீட்டினான். "சரி, சரி, எந்திரி!" என்று அவள் கத்தியதும் போனுக்குள்ளே ஓர் அம்மா விசிலடித்தாள். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

அப்புறம்தான் கவனித்தேன். நாத்தனார் இடது காலைத் தரையில் உதைத்துக்கொண்டே நின்றாள்.

"அண்ணி, அது உங்க காலுறையா?"

"பின்னே? போனுக்குச் சட்டை வேணாமா?"

எனக்குத் தாங்கவில்லை. அவளைப் பெஞ்சில் இழுத்து உட்கார வைத்தேன். "நான் ரெண்டு ஜோடி போட்டிருக்கேன், ஒண்ணு தரேன்" என்று பூட்ஸைக் கழற்றி மேல் காலுறையை உருவினேன்.

உருவிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அதன் அடியில், காலையில் யாருக்கும் தெரியாமல் நானே ஒட்டிக்கொண்ட ஒரு சூட்டுப் பட்டை, கனகனவென்று.

செங் பார்த்தான். மன்யி பார்த்தாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

நாத்தனார் காலுறையைப் பட்டையோடு வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"என்ன பாக்குறீங்க? வேணாம் வேணாம்னுதான் சொன்னா. நான்தான் காலையில கட்டாயப்படுத்தி ஒட்டிவிட்டேன்."