வர்றியா, இல்லையா?

டிராகன் உமிழ்ந்த தீயில் கொரீனின் வீராங்கனை கருகிச் செத்தாள்.

மில்வாக்கியில் வெண்டெல் வீட்டு நிலவறையில், ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அது. அங்கே செத்துப் பிழைப்பதெல்லாம் தலைவலி வந்து போவது மாதிரி. டேரலின் பாத்திரமான பூசாரி மந்திரம் சொன்னால் போதும், எழுந்துவிடலாம்.

ஆட்டத்தை நடத்தும் வெண்டெல் வழக்கம்போலக் கேட்டான். "செத்த ஆத்மா சம்மதிச்சாதான் உயிர் திரும்பும். கொரீன், வர்றியா?"

"வரலை. இங்க நிம்மதியா இருக்கு."

டேரல் பதறிப்போனான். "ஐயோ, விளையாடாத! நீ இல்லாம எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. உன்னைத் தனியா விட்டது என் தப்புதான். கால்ல வேணா விழறேன், வந்துடு!"

அவன் கண்கள் கலங்கியிருந்தன.

கொரீன் பகடையைக் கீழே வைத்தாள். "மூணு வருஷம் முன்னாடி நான் பெட்டியோட வாசல்ல நின்னப்ப இதுல பாதி கெஞ்சியிருந்தா, நமக்கு டைவர்ஸே ஆகியிருக்காது டேரல்."

டேரல் அந்தப் பகடையை எடுத்து மறுபடி அவள் கையில் திணித்தான்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். இப்ப வர்றியா, இல்லையா? அடுத்து டிராகன் முறை!"