கனமில்லாத பை

"இதுவும் கனம்" என்று சிவனேஸ்வரி பையைக் கழற்றி முற்றத்தில் போட்டாள்.

அவள் புருஷன் பரமலிங்கம் கதிரையில் சாய்ந்து இருந்தபடியே காறித் துப்பினார். "பையில கனமில்லையடி. உன்ர முதுகுதான் சொகுசு கண்டிட்டுது."

முல்லைத்தீவிலிருந்து பட்டாளத்துப் பழைய முதுகுப் பைகளைச் சைக்கிளில் கட்டி விற்க வந்திருந்த சரீப் நானா, அவள் போட்ட பையை எடுத்துத் தட்டி ஓரமாக வைத்தார். இரண்டு பை பார்த்தாயிற்று. இரண்டிலும் மண் நிரப்பி, முதுகில் போட்டு வாய்க்கால் கரையில் நடந்தவள் சிவனேஸ்வரி. கதிரையில் இருந்து களைத்துப் போனவர் பரமலிங்கம்.

நாளை விடிய முரசுமோட்டையிலிருந்து கதிர்காமத்துக்கு நடைப்பயணம். காட்டு வழி, மாதக்கணக்கில் நடக்க வேண்டும். அவர் கையில் வேல், அவள் முதுகில் மற்றதெல்லாம். அந்த வீட்டில் பக்தியைப் பங்கு பிரித்த விதம் அப்படி.

காலையிலேயே பரமலிங்கம் காப்புக் கட்டிவிட்டார். காப்புக் கட்டியவர் கோயில் போய்ச் சேரும்வரை வண்டி வாகனம் எதிலும் கால் வைக்கக் கூடாது என்பது யாத்திரைக் கூட்டத்தின் கட்டுப்பாடு. வந்தவர் போனவருக்கெல்லாம் மணிக்கட்டு நூலை நீட்டிக் காட்டினார். சிவனேஸ்வரி இன்னும் கட்டவில்லை. முதலில் பை சரிவரட்டும் என்று சொல்லிவிட்டாள்.

இந்தப் பயணத்தில் முருகனுக்கு ஒரு அவசரமும் இல்லை, பரமலிங்கத்துக்குத்தான் அவசரம். வருகிற வெள்ளிக்கிழமை பூநகரியில் சிவனேஸ்வரியின் தங்கச்சி விமலேஸ்வரிக்குக் கலியாணம். மாப்பிள்ளை, இரணைமடுக் குளக்கட்டை உயர்த்தியபோது கல் சுமந்தவன்.

"முதுகில கல்லுச் சுமந்த கூலிக்காரன் எனக்குச் சகலனோ?" பரமலிங்கம் சரீப் நானாவைச் சாட்சிக்கு இழுத்தார். "அந்தப் பந்தலுக்குள்ள என்ர வீட்டாள் கால் வைக்கிறதோ? நேர்த்திக்கடன் எண்டு பயணத்தை வைச்சன், கதை முடிஞ்சுது. அழுது பாத்தாள். தாய் தேப்பன் இல்லாத பிள்ளையாம், இவதான் கூறைச்சேலை உடுத்திவிட வேணுமாம். அது சரிவரேல்லை எண்ட உடனை பை கனமாம், வார் வெட்டுதாம். பயணத்தைப் பிந்த வைக்கிற விளையாட்டு. எனக்கு விளங்காதே?"

"இல்லை ஐயா, அந்த ரெண்டு பையின்ர வாரும் மெய்யாவே வெட்டும்தான்…"

"நீ பையை வித்தால் காணும்."

சிவனேஸ்வரி சைக்கிளில் மிச்சமிருந்த சின்னப் பையை எடுத்தாள். வார் அகலமாக இருந்தது. தையலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"நானா, ஒருத்தரும் பிடிச்சு விடாமல் நானே இதை முதுகில போட ஏலுமோ?"

"ஏலும் தங்கச்சி. கதிரை உயரத்தில வைச்சிட்டுக் கையை நுழைச்சால் சரி."

பரமலிங்கம் விழுந்து விழுந்து சிரித்தார். "கேட்டது புத்திதான். வழி நெடுகத் தூக்கிவிட நான் என்ன உன்ர வேலைக்காரனோ?"

"மண் போட்டுப் பாத்தால் ஒண்டும் தெரியேல்லை" என்றாள் அவள். "கொண்டுபோற சாமானையே வைச்சு நடந்து பாக்கிறன்."

"வை, வை. உன்ர நடிப்பு எவ்வளவு நேரத்துக்கு எண்டு நானும் பாக்கிறன்."

அவள் அறைக்குள் போய்ச் சாமானை அடுக்கிக்கொண்டு வந்தாள். பையைத் திண்ணைக் குந்தில் வைத்துத் தானே முதுகில் ஏற்றினாள்.

"வாய்க்கால் கரை வேண்டாம், றோட்டில நட" என்று பரமலிங்கம் எழும்பினார். "பஸ் நிக்கிற சந்தி மட்டும் போய்த் திரும்பு. பரமலிங்கத்தின்ர பெண்சாதி யாத்திரைக்கு ஆயத்தம் எண்டு ஊர்ச்சனம் பாக்கட்டும். கூலிக்காரனைப் போலக் கூனாதை!"

அவள் கூனவில்லை. பின்னால் சால்வையை ஒதுக்கியபடி அவர் நடந்தார். சரீப் நானா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"இப்ப கனமோ?"

"இல்லை."

"வார் வெட்டுதோ?"

"இல்லை."

"பாத்தியே நானா! ரெண்டு அதட்டுப் போட்டன், கனமும் போச்சு, வெட்டினதும் போச்சு. இவளவையோடை கதைக்கிற பாஷை அதுதான்."

சந்தியில் பரந்தன் பஸ் வந்து நின்றது. சிவனேஸ்வரி நடையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வந்த வேகத்திலேயே மிதிபலகையில் கால் வைத்து உள்ளே ஏறினாள்.

பரமலிங்கம் முதலில் சிரித்தார். பிறகு ஓடினார். "எடியே, எங்கையடி போறாய்? இறங்கடி!"

"பரந்தனில மாறிப் பூநகரிக்கு" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அவர் கம்பியைப் பிடித்து ஒரு காலைத் தூக்கினார். பஸ்ஸுக்குள் இருந்த ஊர்ச்சனம் முழுவதும் அவருடைய மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. தூக்கிய கால் மெல்லப் புழுதிக்கு இறங்கியது.

மணி அடித்தது. பஸ் அசைந்தபோது சிவனேஸ்வரி ஜன்னலால் தலையை நீட்டினாள்.

"நானா, பை நல்லாய் இருக்கு. காசை அவரிட்டை வாங்குங்கோ!"