யாரும் கூப்பிடவில்லை

பிக்கு செருப்பைக் கழற்றவில்லை. கழற்றி வைக்க இடமில்லை. துக்கத்துக்கு வந்தவர்களின் செருப்புகள் வாசல் முழுக்க நெருக்கியடித்துக் கிடந்தன.

குஷிரோ நகரத்து மூடுபனி அவருடைய சாம்பல்நிற அங்கியில் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது.

வீட்டுப் படியில் கிகுயோ நின்றாள். இடுப்பில் ஏப்ரன், கையில் துடைத்துக்கொண்டிருந்த கோப்பை. அவள் வழிவிடவில்லை.

"உங்கள யாரு சாமி கூப்பிட்டது?"

அவளுக்குப் பின்னால் நோபுவே நின்றாள். இறந்தது அவளுடைய கணவர் ஷின்பெய். உள்ளே, பீடத்தின் முன்னால், பச்சை இலைக் கொத்துகளுக்கு நடுவே சவப்பெட்டியில் அவரைக் கிடத்தியிருந்தார்கள்.

பிக்குவைக் கூப்பிட்டது நோபுவேதான். விடியற்காலையில், எல்லாரும் வருவதற்கு முன்னால், தொலைபேசியைத் துணிக்குள் பொத்திக்கொண்டு.

கோயிலுக்கும் இந்த ஊர் பக்தர் சங்கத்தாருக்கும் உறவு முறிந்து இரண்டு வருஷமாகிறது. தலைமைக் கோயில் ஒரே உத்தரவில் இவர்கள் அத்தனை பேரையும் விலக்கிவைத்தது. அதற்குப் பிறகு பிறப்புக்கும் இறப்புக்கும் இவர்களே கூடி உட்கார்ந்து சூத்திரம் ஓதிக்கொள்கிறார்கள். பிக்கு வந்து, இறந்தவருக்கு ஒரு புதுப் பெயர் சூட்டுவது நின்றுபோயிற்று.

அந்தப் பெயர் இல்லாமல் போகிறவர் கரை சேரமாட்டார் என்றது கோயில். உயிரோடு இருந்தபோது கூப்பிட்ட பெயர் புத்தருக்குத் தெரியாதா என்று கேட்டாள் கிகுயோ. கூட்டத்தில் அவள் அப்படிக் கேட்டபோது முதலில் கைதட்டியவர் ஷின்பெய்.

நோபுவேவும் தட்டினாள். ஆனால் நேற்று ராத்திரி அவருடைய பாதம் சில்லென்று கையில் பட்டதும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. ஒருவேளை கோயில் சொல்வது சரியாக இருந்தால்?

சமையலறையிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"என்ன சாமி, இன்னிக்கு கோல்ஃப் ஆடப் போகலையா? உங்க கோயிலுக்குக் கூரை போட்டவரு உள்ள கிடக்கறாரு. அப்ப விலக்கி வெச்சீங்க, இப்ப எதுக்கு வந்தீங்க?"

யாரோ சிரித்தார்கள். பிக்கு சிரிப்பு வந்த பக்கம் திரும்பவில்லை. நோபுவேவைப் பார்த்தார்.

கிகுயோவும் திரும்பினாள். "நீயா கூப்பிட்ட?"

இந்தப் பெண்கள்தான் ஆஸ்பத்திரிக்கு மாற்றி மாற்றிச் சோறு கொண்டுவந்தவர்கள். நோபுவே தூங்கட்டும் என்று ஷின்பெய்யின் படுக்கையருகே விழித்திருந்தவர்கள். இப்போது அவளுடைய அடுப்படியில் நின்று வேலை செய்துகொண்டிருப்பவர்கள். நாளை முதல் அவளுக்கு இவர்களைத் தவிர யாருமில்லை.

"இல்லக்கா" என்றாள்.

பிக்குவின் முகம் மாறவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"யாரும் கூப்பிடலம்மா. இந்தப் பக்கமா போய்க்கிட்டிருந்தேன். விளக்கு தெரிஞ்சது" என்றார்.

அந்தச் சந்து நோபுவேவின் வீட்டோடு முடிகிறது. அதற்கப்பால் சதுப்புநிலம்தான். அந்தப் பக்கமாக எங்கேயும் போக முடியாது.

செருப்புகளுக்கு நடுவே நின்றபடியே அவர் உள்ளே பார்த்துக் குனிந்து வணங்கினார். அங்கிக்குள் எதையோ எடுக்கப் போன கையை வெறுமனே வெளியே எடுத்தார். போய்விட்டார். பத்தடியில் பனி அவரை மூடிக்கொண்டது.

ஓதத் தொடங்கினார்கள். நோபுவே வாயை மட்டும் அசைத்தாள். குரல் வரவில்லை. வரவேண்டாம் என்றுதான் இருந்தது அவளுக்கு. பொய் சொன்ன வாய்.

ஓதி முடிந்ததும் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். வண்டி வர இன்னும் நேரமிருந்தது. மற்றவர்கள் பெட்டிக்குள் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள்.

கிகுயோ பின்னாலேயே வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"நீதான கூப்பிட்ட?"

நோபுவே குழாயைத் திறந்து டம்ளரைப் பிடித்தாள்.

"கோவமில்லடி." கிகுயோவின் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "இந்தப் பனியில பஸ் சீக்கிரம் வராது. அவரு நிறுத்தத்துலதான் நின்னுக்கிட்டிருப்பாரு. நீதான் கூப்பிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. உன் பேரைச் சொல்லி நான் ஓடிப் போய் உன் புருஷனுக்குப் புதுப் பேரு வாங்கிட்டு வரேன்."

ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தாள்.

"அப்படியே என் யுதாகாவுக்கும் ஒண்ணு கேட்டுப் பாக்கறேன். போயி வருஷமாச்சு, இப்பக் கேட்டா குடுப்பாரா? தினமும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடறேன் நோபு. அவன் எங்க நிக்கறான்னே தெரியல."

பிக்கு இல்லாமல் இந்த ஊரில் நடந்த முதல் சாவு, கிகுயோவின் மகனுடையதுதான். அன்று அவள் அழவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து, யாருடைய குரலையும்விட உரக்க ஓதினாள். அவளைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது.

இது சோதனையில்லை என்று நோபுவேவுக்குத் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்த யாருக்கும் தெரிந்திருக்கும்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஆனால் ஆமாம் என்றால், சற்றுமுன் அத்தனை பேருக்கும் எதிரில் சொன்னது பொய்யென்றாகும். ஒருத்திக்குத் தெரிந்தது நாளைக்கு எல்லாருக்கும் தெரியும்.

"எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள். "நான் அவரைக் கூப்பிடவே இல்லையே."

கிகுயோ அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

"ஆமா. நீ எதுக்குக் கூப்பிடப்போற?" என்றாள்.

அவிழ்த்த ஏப்ரனை மறுபடி கட்டிக்கொண்டாள்.