பொதுச் சுவர்

“ஏசியை நிப்பாட்டிப் போடாதீங்க தம்பி. வெள்ளிக்கிழமை வரைக்குமாவது ஓடட்டும்.”

கதவைத் திறந்த ஷிராஸ் அப்படியே நின்றான். பக்கத்து வீட்டு கிளெமென்ற் சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்திருந்தான்.

கொட்டாஞ்சேனையில் அந்தப் பழைய வீட்டை இரண்டாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். நடுவில் ஒரு மெல்லிய சுவர். இந்தப் பக்கம் ஷிராஸின் படுக்கையறை, அந்தப் பக்கம் கிளெமென்றின் முன்னறை. அந்தப் பக்கத்தில் சுவர் நனைந்து பெயின்ற் உப்பியிருந்ததை, அவர்கள் கதவு திறந்திருந்தபோது ஷிராஸ் காலையில்தான் கண்டிருந்தான்.

“மன்னிச்சிக்கோங்க அங்கிள். மழையும் வராம, வெயிலும் போகாம, இந்தப் புழுக்கத்துக்கு எவ்வளவு குளிர் வெச்சாலும் உடம்பு பிசுபிசுக்குது. அதுதான் பதினெட்டுக்கு எறக்கினேன். இப்பவே கூட்டி வெக்கிறேன்.”

“கூட்ட வேண்டாம் எண்டுதானே சொல்லுறன்.” கிளெமென்ற் குரலைத் தாழ்த்தினார். “எங்கட சுவர் மாடத்தில மாதா சுரூபம் இருக்கெல்லோ. அது அழுகுது.”

“அழுவுதா?”

“கண்ணால தண்ணி வடிஞ்சு கன்னத்தில இறங்குது. முதல்ல எனக்கே நெஞ்சு பக்கெண்டு போச்சு. பிறகுதான் சுவரில கையை வச்சுப் பாத்தன். ஐஸ்.”

ஷிராஸுக்கு விளங்கியது. “காத்தில ஈக்கிற ஈரம் அங்கிள். ஐஸ் தண்ணி கிளாஸ் வெளிப்பக்கம் வேர்க்கிறதில்லயா, அதுதான். எங்கட குளிர் சுவரால வந்து உங்கட செலையக் குளிர வெச்சீக்குது.”

“அது எனக்குத் தெரியும். மேனகாவுக்குத் தெரியாது.”

வாசல்படியில் உட்கார்ந்துகொண்டே கிளெமென்ற் விஷயத்தைச் சொன்னார். மனைவி மேனகாவுக்கு இருதயத்தில் வால்வ் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் இந்த வருசத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அவளோ, கத்தி வைக்க விடமாட்டேன், போகிற உயிர் வீட்டிலேயே போகட்டும் என்று நின்றாள்.

“நான் கெஞ்சினன், ஏசினன், ஃபாதரைக் கூட்டி வந்து கதைக்க வச்சன். ம்ஹூம். மாதா அழுத அண்டைக்குப் பின்னேரம் தானாவே வந்து, ‘சரி, டொக்டரிட்ட நாள் கேளுங்க’ எண்டாள். வெள்ளிக்கிழமைக்கு நாள் தந்திருக்கினம். இப்ப கண்ணீர் நிண்டா மனம் மாறிப்போடுவாள், தம்பி.”

“நீங்க என்ன சொன்னீங்க அங்கிள்?”

“என்னத்தைச் சொல்ல? ஓம், உனக்காகத்தான் அழுகிறா எண்டன். பூசைக்கே போகாதவன் சாட்சி சொல்லுறன் பாத்தீங்களா.”

ஷிராஸ் உள்ளே போய் மனைவி பஸ்லாவிடம் சொன்னான். அவள் நெற்றியைச் சுருக்கினாள்.

“இது பொய்க்குத் துணை போறதில்லயா?”

“நாங்க ஒண்டும் செல்லல்லயே. ஏசி போட்டீக்கிறோம், அவ்வளவுதான்.”

“பதினெட்டிலயா?”

“பதினாறில. கன்னம் காயாம ஈக்கணுமாம்.”

பதினாறில் அந்த அறைக்குள் இருக்க முடியவில்லை. நுவரெலியா பயணத்துக்கு வாங்கிய சுவெட்டரைப் போட்டுப் பார்த்தார்கள். அவர்களின் குழந்தைக்குத் தும்மல் பிடித்தது. கடைசியில் ஏசியை ஓட விட்டு, கதவைப் பூட்டிவிட்டு, ஹோலில் பாய் விரித்தார்கள். அந்த ஒழுங்கை வீடுகளிலேயே குளிரான அறை ஆளில்லாமல் கிடக்க, அதற்குச் சொந்தக்காரர்கள் பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டு வியர்த்தார்கள்.

“அல்லாஹ் இதையும் ஒரு நன்மையா எழுதிக்கொள்ளட்டும்” என்றாள் பஸ்லா. தொழுகை முடிந்து துஆ கேட்கும்போது மேனகாவின் பெயரையும் சேர்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஒப்பரேசன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. ஆனாலும் ஏசியின் குளிரைக் குறைக்கலாமா என்று கேட்டதற்கு, “வீட்டுக்கு வந்து தேறும் வரைக்கும் இருக்கட்டும் தம்பி, மனம் உடைஞ்சு போடுவாள்” என்றார் கிளெமென்ற்.

மேனகா வீட்டுக்கு வந்து சில நாள் போனபின், பஸ்லா சூப் காய்ச்சிக்கொண்டு போனாள். கிளெமென்ற் மருந்து வாங்கப் போயிருந்தார். மேனகா முன்னறையில் சாய்ந்திருந்தாள். முகத்தில் இரத்தம் ஓடத் தொடங்கியிருந்தது. மாடத்தில் மாதா நனைந்துகொண்டிருந்தாள்.

“பிள்ளை, இனி அந்த ஏசிக் குளிரைக் கொஞ்சம் குறைச்சு வையுங்க” என்றாள் மேனகா. “சுவர் பாசி பிடிக்குது.”

பஸ்லா சூப் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “ஆன்டி... உங்களுக்குத் தெரியுமா?”

“முதல் நாளே தெரியும். துடைக்கிறதுக்குச் சுரூபத்தைத் தூக்கினன். முதுகெல்லாம் தண்ணி. மாதா அழுதாலும் முதுகால அழுவாவா?”

“அப்ப எதைப் பாத்து ஒப்பரேசனுக்குச் சம்மதிச்சீங்க?”

மேனகா வாசலை எட்டிப் பார்த்தாள். ஆள் வரவில்லை.

“கலியாணம் முடிச்ச காலத்தில இருந்து இந்த மனுசன் கும்பிட்டதை நான் கண்டதில்லை. அண்டைக்குக் குசினி அடுப்படியில இருந்து பாக்கிறன், மாதாவுக்கு முன்னால முழங்கால்ல நிண்டு, ‘என்ர மேனகாவை எடுத்துப்போடாத’ எண்டு விக்கி விக்கி அழுகிறார். அந்தக் கண்ணீருக்காகத்தான் போனனான்.” அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள். “மாதா அழுதது உங்கட ஏசியால எண்டு அவருக்கு மட்டும் சொல்லிப்போடாதீங்க பிள்ளை. பாவம், உண்மை எண்டே நம்பிக்கொண்டிருக்கிறார்.”