ஒரு பைதான்

களனி ஆறு கரையை மீறிவிட்டதாக முகத்துவாரம் முழுக்கப் பேச்சு. ஷெல்டன் தன் கறுப்புப் பையை மூன்றாம் முறையாகத் திறந்து பார்த்தான். அடையாள அட்டைகள், கலியாணச் சான்றிதழ், டோர்ச், பிஸ்கட் எல்லாம் இருந்தன.

“ஒரு பைதான் தூக்கலாம், றேணுகா. உன்ட பை கிடக்கட்டும்.”

“ரெண்டும் ஒரே கடையில வாங்கின ஒரே மாதிரிப் பைதானே? என்டதுக்கு மட்டும் ஏன் ஓரவஞ்சனை?”

“அதுக்கு இப்ப அவசரமில்ல. ஐசி அட்டை இல்லாட்டி நாங்க யாரெண்டு யார் நம்புவாங்க?”

அப்போது மின்சாரம் நின்றது. தண்ணீர் வாசல்படி ஏறியது. ஷெல்டன் இருட்டில் பையைத் தடவி எடுத்துத் தலையில் வைத்து, மறுகையால் மனைவியைப் பிடித்தபடி மீட்புப் படகுக்கு நடந்தான். படகில் ஏறும்போது றேணுகா அதன் விளிம்பைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றாள்.

தேவாலய மண்டபத்தில் பெயர் பதிய அடையாள அட்டை கேட்டார்கள். ஷெல்டன் பையைத் திறந்தான். உள்ளங்கையளவு சட்டைகள், வெள்ளைத் துணிகள், ஒரு சின்னத் தொப்பி.

“ஐயோ, மாறித் தூக்கிட்டன்! பிள்ளை பிறக்க இன்னும் ஒரு மாசம் கிடக்கே!”

றேணுகா அவன் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

“சரியான பையைத்தான் தூக்கினீங்க. படகில ஏறக்குள்ளயே நோவு தொடங்கிட்டு.”

ஷெல்டன் பையை மறுபடியும் தலையில் ஏற்றிக்கொண்டு, “வண்டி! வண்டி!” என்று கத்தியபடி வாசலுக்கு ஓடினான்.

“என்னையும் கூட்டிட்டுப் போங்க,” என்றாள் றேணுகா.